சானல்கரையின் அகலம்

என் அக்காளின் திருமண அழைப்பிதழ் ஒன்றை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். 1994-இல் தக்கலையில் அச்சடித்தது. மஞ்சள் தடவிய ஓரங்கள் மங்கிவிட்டாலும், பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்ட வழிக்குறிப்பு தெளிவாகவே இருக்கிறது. குலசேகரம் பேருந்தில் ஏறி எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், சானல்கரை (பாசனக் கால்வாயின் கரை) வழியாகக் கிழக்கே எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், சிலுவை நட்ட சிறு வழிபாட்டிடமான குருசடி தெரிந்ததும் எந்த முடுக்கில் திரும்ப வேண்டும், அங்கே எந்த வீட்டுப் பெயரைச் சொல்லி விசாரிக்க வேண்டும் என்பது வரை அப்பா எழுதிக் கொடுத்திருந்தார். அன்றைக்கு வந்தவர்களில் வழி தவறியவர் என்று யாரையும் எங்கள் வீட்டில் சொல்லிக் கேட்டதில்லை.

சென்ற ஆவணியில் அந்த அக்காளின் மகளுக்கு அதே வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுத் திருமணம் நடத்தினோம். இந்த முறை அழைப்பிதழில் வழிக்குறிப்பு இல்லை; மூலையில் ஒரு கியூஆர் கோடு மட்டும் இருந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாரின் வேன்களில் ஒன்று, கைபேசிச் செயலி காட்டிய நீலக்கோட்டை நம்பிப் பெரிய சாலையிலிருந்து சானல்கரையில் இறங்கிவிட்டது. முதல் அரைக் கிலோமீட்டருக்கு அங்கே வேன் போகும் அளவுக்கு அகலம் உண்டு. அதன் பிறகு கரை ஒடுங்கி, ஒரு பக்கம் தென்னை மூடுகளும் மறுபக்கம் நிறைந்தோடும் தண்ணீருமாக, இருசக்கர வண்டிகள் மட்டும் போகக்கூடிய தடமாகிவிடும். திரும்புவதற்கு இடமில்லாததால் ஓட்டுநர் அந்த அரைக் கிலோமீட்டரையும் பின்புறமாகவே எடுத்து வர வேண்டியிருந்தது. "மேப் இந்த வழியத்தான் காட்டிச்சு அண்ணாச்சி" என்று அவர் என்னிடம் சொன்னபோது அவர் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. வேன் வந்து சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. பேரன் தாலி கட்டுவதைப் பார்க்க அத்தனை தூரம் வந்த மாப்பிள்ளையின் ஆச்சி அந்த வேனில்தான் இருந்தார்.

புவியியல் ஆசிரியனாக இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வரைபடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருபவன் என்பதால், அந்த நாளுக்குப் பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்தச் சானல்கரையை வரைபடம் சரியான இடத்தில், சரியான வளைவுகளுடன் வரைந்திருந்தது. அத்தனை துல்லியமாகக் கோட்டை அறிந்த வரைபடத்துக்கு அதன் அகலம் எப்படித் தெரியாமல் போயிற்று? இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், இணைய வரைபடம் எங்கிருந்து, எந்தக் கண்ணால் நம் மண்ணைப் பார்த்து வளர்ந்தது என்பதை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

இந்திய நில அளவையின் வரலாற்றில் நம் முனைக்கு ஓர் இடம் உண்டு. 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் சங்கிலி கொண்டு அடிக்கோட்டை அளந்து தொடங்கிய முக்கோண அளவை, கன்னியாகுமரி முனையை ஒட்டிய பகுதியைத் தென்கோடியாகக் கொண்டு இமயமலை வரை நீண்டது. அதையடுத்து 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் இரண்டு படை அதிகாரிகள் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்து விரிவான குறிப்புகளும் வரைபடங்களும் உருவாக்கினார்கள். அன்று திருவிதாங்கூரில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் அதில் அடங்கும். அந்த வரைபடங்களை வரைந்தவர்கள் இந்த மண்ணில் நடந்தவர்கள். மலையில் ஏறிக் கோணம் பார்த்தார்கள். ஊருக்குள் வந்து பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். வரைபடக்காரரின் கால் தரையில் பட்டிருந்த காலம் அது.

இணையத்தில் வரைபடம் வந்தது 1993 ஜூனில். அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் ஸ்டீவ் புட்ஸ் என்பவர் அமைத்த பக்கம் அது. உலக வரைபடத்தில் ஓர் இடத்தைச் சொடுக்கினால், அந்த இடத்தைப் பெரிதாக்கிய புதிய படமொன்றை எங்கோ இருக்கும் கணினி வரைந்து அனுப்பும். ஒவ்வொரு சொடுக்குக்கும் பக்கம் முழுவதும் புதிதாக வந்திறங்க வேண்டும். 1996-இல் மேப்குவெஸ்ட் வந்து, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகும் வழியை வரிவரியாக எழுதிக் காட்டியது. அமெரிக்காவில் மக்கள் அதை அச்செடுத்துக் காரில் வைத்துக்கொண்டு போனார்கள். என் அப்பா அழைப்பிதழில் எழுதியதும் அதே வகை எழுத்துத்தான். அவருடைய குறிப்பில் குருசடியும் வீட்டுப் பெயரும் இருந்தன என்பதே வேறுபாடு.

2005 பிப்ரவரி 8-இல் கூகுள் வரைபடம் வெளிவந்ததைத்தான் உண்மையான திருப்பம் என்று நான் கருதுகிறேன். அதன் வேர் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இருக்கிறது. லார்ஸ் ராஸ்முசென், ஜென்ஸ் ராஸ்முசென் என்னும் டேனிஷ் சகோதரர்கள், நோயல் கார்டன், ஸ்டீபன் மா ஆகிய நால்வர் நடத்திய சிறு நிறுவனத்தைக் கூகுள் 2004 அக்டோபரில் வாங்கியது. அவர்கள் செய்ததன் சாரம், முழு வரைபடத்தையும் முன்கூட்டியே வரைந்து, 256 பிக்சல் அகலமும் 256 பிக்சல் உயரமும் கொண்ட சதுரத் துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்வது. பார்ப்பவர் விரலால் இழுக்கும்போது, புதிதாகத் தேவைப்படும் துண்டுகள் மட்டும் வந்து சேரும். பக்கம் அசையாமல் அப்படியே இருக்கும். சுழியம் என்று எண்ணிடும் முதல் படிநிலையில் உலகம் முழுவதும் ஒரே சதுரம். அடுத்ததில் 4, அதற்கடுத்ததில் 16 என்று ஒவ்வொரு படியிலும் நான்கு மடங்காகி, 18-ஆம் நிலைக்கு வரும்போது உலகுக்குத் தேவையான சதுரங்களின் எண்ணிக்கை 6,871 கோடியைத் தாண்டிவிடும்.

இந்தக் கணக்கை ஒன்பதாம் வகுப்பில் நான் ஒவ்வோர் ஆண்டும் போட வைப்பேன். 18-ஆம் நிலையில் நம் மாவட்டத்தில் ஒரு சதுரத்தின் பக்கம் ஏறக்குறைய 151 மீட்டர். குமரி மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1,672 சதுர கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் நம் மாவட்டத்தை மூடுவதற்கு 73,000 சதுரங்கள் வேண்டும். தன் வீடு அந்த 73,000-இல் ஒன்றுக்குள் இருக்கிறது என்று தெரியும்போது பிள்ளைகளின் முகத்தில் வரும் மலர்ச்சிக்காகவே அந்தப் பாடத்துக்காகக் காத்திருப்பேன். கூடவே மெர்கேட்டர் என்னும் பழைய வரைபடக்காரரையும் சொல்லிவிடுவேன். 1569-இல் அவர் வகுத்த முறையின் ஒரு வடிவத்தைத்தான் இணைய வரைபடங்கள் பின்பற்றுகின்றன. அதனால் துருவத்தை நெருங்க நெருங்க நிலம் ஊதிப் பெருக்கும். ஆப்பிரிக்காவின் பரப்பில் பதினான்கில் ஒரு பங்கே உள்ள கிரீன்லாந்து, அதற்குச் சமமாகத் தெரியும். நாம் நிலநடுக்கோட்டுக்கு எட்டு டிகிரி வடக்கே இருப்பதால் நமக்கு அந்தப் பிழை ஒரு விழுக்காட்டளவுதான். வடிவத்திலும் தூரத்திலும் இணைய வரைபடம் நம் மாவட்டத்துக்குக் குறை வைக்கவில்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. அதே 2004-இல் கூகுள் கீஹோல் என்னும் நிறுவனத்தையும் வாங்கியது; அதன் மென்பொருள்தான் 2005 ஜூனில் கூகுள் எர்த் ஆயிற்று. வானிலிருந்து எடுத்த படங்கள் அப்போதுதான் சாதாரண மக்களின் கைக்கு வந்தன. நாகர்கோவிலில் ஒரு பிரவுசிங் சென்டரில் அரைமணி நேரத்துக்குக் காசு கொடுத்து, படம் மெல்ல மெல்லத் தெளிவதற்காக நண்பர்களுடன் காத்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2006-இல் விக்கிமேப்பியா வந்ததும் எங்கள் ஊர் இளைஞர்கள் அதில் வீடு வீடாகச் சதுரம் போட்டுப் பெயர் எழுதினார்கள். 2009 ஆகஸ்டில் இஸ்ரோ தன் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு புவன் தளத்தைத் தொடங்கியபோது, நம் நாட்டுக் கண்ணாலும் நம் நிலத்தைப் பார்க்க முடிந்தது என்ற நிறைவு கிடைத்தது.

ஆனால் வானத்துக் கண்ணுக்கு எல்லா நிலமும் ஒன்றுபோலத் தெரிவதில்லை. ராமநாதபுரத்தையோ தூத்துக்குடியையோ மேலிருந்து பார்த்தால் ஊர் ஊராகவும், வழி வழியாகவும், வயல் வயலாகவும் பிரிந்து தெரியும். கல்குளத்தையும் விளவங்கோட்டையும் பார்த்தால் ஒரே பச்சை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழும் மாவட்டம் இது. இருந்தும் மேலிருந்து பார்ப்பவருக்குக் காடாகத் தெரியும். காரணம், இங்கே வீடுகள் தெருவாகக் கூடி நிற்பதில்லை. ஒவ்வொரு வீடும் தன் விளைக்குள், தென்னைக்கும் பலாவுக்கும் அயனிக்கும் கீழே இருக்கிறது. ஒரு விளையிலிருந்து மறுவிளைக்குப் போகும் முடுக்கு இரண்டு பக்கமும் கையாலை என்னும் மண்சுவர் வைத்து மரநிழலில் போகிறது. ரப்பர் தோட்டத்து வழிகளாவது மார்கழி, தையில் ரப்பர் இலையுதிர்க்கும் சில வாரங்களில் எடுத்த படத்தில் கொஞ்சம் வெளியே தெரியும், தென்னை இலையுதிர்ப்பதில்லை.

மழையும் ஒரு தடை. இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் என்பதால் மேகமில்லாத படம் கிடைப்பது பெரும்பாலும் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில்தான். ஆகவே நாஞ்சில் நாட்டு வயலின் நிறம், படம் கும்பப்பூ அறுவடைக்கு முன்னே எடுத்ததா பின்னே எடுத்ததா என்பதைப் பொறுத்து மாறும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. படிக்கத் தெரிந்தால் இது பெரிய கொடை. நிழலைக்கொண்டு மாதத்தைக்கூடச் சொல்லிவிடலாம். பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்களில் பல, முற்பகல் பத்தரை மணியளவில் நம்மைக் கடக்கின்றன. சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆவணி நடுவிலும் சூரியன் நம் தலைக்கு மேல் வரும். இடைப்பட்ட மாதங்களில் அது நமக்கு வடக்கே நிற்கும். அதனால் தை மாதப் படத்தில் நிழல் வடமேற்கில் விழும், ஆனி மாதப் படத்தில் தென்மேற்கில் விழும். மாத்தூர் தொட்டிப் பாலத்தை மேலிருந்து பார்த்தால் பறளியாற்றைக் கடக்கும் ஒரு சாதாரணக் கோடுதான். அது 115 அடி உயரத்தில் நிற்கிறது என்பதை அதன் தூண்களின் நிழல்தான் சொல்லும்.

மணக்குடியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது, பழையாறு கடலில் சேரும் இடத்தில் கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்திருந்த பாலம் உடைந்து, அதன் கான்கிரீட் துண்டுகள் அலையோடு தள்ளப்பட்டுப் போயின. கூகுள் வரைபடம் வெளியாக அப்போது இன்னும் ஆறு வாரம் இருந்தது. ஓர் ஊர் எங்கே இருந்தது, கரை எதுவரை போயிற்று என்று வெளியூர்க்காரர் ஒருவர் தன் மேசையிலிருந்து பார்க்க அன்று எளிய வழியில்லை. 2009-இல் கூகுள் எர்த் பழைய படங்களைக் காலவரிசையில் திருப்பிப் பார்க்கும் வசதியைத் தந்தபோது நான் முதலில் தேடிப்போனது நம் கடற்கரையைத்தான். கரை ஓர் ஆண்டுக்கும் மறு ஆண்டுக்கும் இடையே எப்படி நகர்கிறது என்பதை என் மாணவர்கள் இப்போது தாங்களே அளக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் பேரலைக்குப் பின் பிறந்தவர்கள்.

மேலிருந்து பார்ப்பது போதாது என்ற உணர்வு வரைபடத் துறையில் பலருக்கும் இருந்தது. 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், அந்தந்த ஊர்க்காரரே தன் ஊரை வரையட்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது. 2008-இல் கூகுளும் மேப் மேக்கர் என்ற கருவியை வெளியிட்டது; நல்ல தெருவரைபடம் கிடைக்காத இந்தியா போன்ற நாடுகளுக்காக அமைத்தது அது. நம் பகுதியின் சாலைகளில் பல, முகம் தெரியாத தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தின் மேல் கோடு கோடாக இழுத்து உருவாக்கியவை. 2017-இல் மேப் மேக்கர் மூடப்பட்டது. கைபேசிகள் பெருகிய பிறகு, போகிற வண்டிகளிலிருந்து வரும் இருப்பிடப் புள்ளிகளும் சாலையைக் கண்டறிய உதவின. சானல்கரையில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான பைக்குகள் போகின்றன. அவை விட்டுச்செல்லும் புள்ளிகளும் ஒரு கோடாகத்தான் தெரியும். கோடு எங்கே போகிறது என்பதை வானத்துப் படமும் சொல்லும், புள்ளிகளும் சொல்லும்; எத்தனை அடி அகலம், கரை இடிந்திருக்கிறதா, தென்னை மூடு வழியில் நிற்கிறதா என்பதை இரண்டுமே சொல்வதில்லை. அதற்குத் தரையில் நிற்கும் ஒரு கண் வேண்டும்.

அந்தக் கண்ணின் கதை 1978-இல் அமெரிக்காவின் ஆஸ்பென் நகரில் தொடங்குகிறது. எம்ஐடி ஆய்வாளர்கள் ஒரு காரின் மேல் கேமராக்களைப் பொருத்தி, பத்து அடிக்கு ஒரு படமாக நகரத்தின் தெருக்களை எடுத்து, ஒளித்தட்டுகளில் பதிந்தார்கள். திரையைத் தொட்டுத் தெருவில் இடமோ வலமோ திரும்பலாம். போகாத ஊரின் தெருவில் உட்கார்ந்த இடத்திலிருந்தே நடக்கலாம். இணையம் மக்களிடம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்திருக்கிறார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 2007 மே 25-இல் கூகுள் தன் தெருக்காட்சியைச் சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க், லாஸ் வேகஸ், மயாமி, டென்வர் ஆகிய ஐந்து நகரங்களில் வெளியிட்டபோது அதே எண்ணம் உலகளாவிய அளவில் உயிர்பெற்றது. வண்டியின் உச்சியில் பல திசைகளை நோக்கிய கேமராக்கள் ஒரே நேரத்தில் எடுக்கும் படங்களை, ஒன்றின் விளிம்பு மற்றதோடு பொருந்தும்படி தைத்து, ஒரு கோளத்தின் உட்புறத்தில் ஒட்டியதுபோல் ஆக்குகிறார்கள். ஜிபிஎஸ், சக்கரத்தின் சுழற்சி, வண்டியின் அசைவை உணரும் கருவி ஆகியவற்றைச் சேர்த்து அந்தக் கோளம் எந்த இடத்துக்கு உரியது என்று கணிக்கிறார்கள். கார் போகாத இடத்துக்கு மூன்று சக்கர மிதிவண்டியும், பிறகு முதுகில் சுமக்கும் கேமராவும் வந்தன.

தெருவைப் படமெடுத்தால் தெருவில் இருப்பவரும் படத்தில் விழுவார் என்பது இதன் இயல்பான சிக்கல். 2008-இல் முகங்களைத் தானாக மங்கலாக்கும் முறையைக் கூகுள் கொண்டுவந்தது. 2010-இல் ஜெர்மனியில் ஏறக்குறைய 2,44,000 குடும்பங்கள் தங்கள் வீட்டை மறைக்கும்படி கேட்டன. அதே ஆண்டில், தெருவில் போன வண்டிகள் வீடுகளின் வைஃபை தரவையும் பிடித்துவந்தது வெளியாகி, அந்த நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இந்தியாவில் 2011-இல் பெங்களூரில் தொடங்கிய பணி சில வாரங்களிலேயே காவல்துறையால் நின்றது. 2016-இல் மத்திய அரசு பாதுகாப்புக் காரணத்தால் அனுமதி மறுத்தது. 2021 பிப்ரவரி 15-இல் வந்த புதிய வழிகாட்டு நெறிகள் வரைபடப் பணிக்கு இருந்த முன் அனுமதிகளைத் தளர்த்தியதோடு, தெருக்காட்சி எடுக்கும் வேலையை இந்திய நிறுவனங்கள்தான் செய்யலாம் என்று வரையறுத்தன. அதன்படி 2022 ஜூலை 27-இல் ஜெனிசிஸ், டெக் மஹிந்திரா நிறுவனங்கள் எடுத்த படங்களுடன் சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களில் கூகுளின் தெருக்காட்சி வந்தது. அதே காலத்தில் மேப்மைஇந்தியாவும் தன் தெருக்காட்சியை வெளியிட்டது. அந்தப் பத்து நகரங்களில் நம் மாவட்டத்தின் ஊர் எதுவும் இல்லை.

தடை தவறு என்று நான் சொல்லமாட்டேன். கடலோரத்தையும் அணைகளையும் வைத்திருக்கும் மாவட்டத்துக்காரனாக எச்சரிக்கையின் தேவை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பதினோரு ஆண்டுத் தாமதத்தின் விலையை மரத்தடியில் வாழும் நம்மைப் போன்ற ஊர்களே அதிகமாகக் கொடுத்தன என்பது என் உறுதியான எண்ணம். திறந்த வெளியில் கட்டத்துக்குக் கட்டம் போட்ட நகரத்துக்கு வானத்துப் படமே முக்கால் வேலையைச் செய்துவிடும். நமக்கு அப்படியில்லை.

2024 ஜூலையில் கூகுள் ஓர் அறிவிப்பைச் செய்தது. நான்கு சக்கர வண்டிகளை ஒடுங்கிய சாலைக்குள் அனுப்பாமலிருக்க, செயற்கைக்கோள் படம், தெருக்காட்சி, வேறு தரவுகள் ஆகியவற்றைக் கொண்டு சாலையின் அகலத்தைக் கணிக்கும் முறையை, சென்னை, கோயம்புத்தூர் உட்பட எட்டு நகரங்களில் முதலில் தொடங்குவதாகச் சொன்னது. மேம்பாலத்தில் ஏற வேண்டுமா என்று சொல்லும் வசதியும் அதனுடன் வந்தது. மார்த்தாண்டத்தில் 2018-இல் மேம்பாலம் திறந்த பிறகு, வண்டி பாலத்தின் மேலே போகிறதா கீழே சந்தை நெரிசலில் நிற்கிறதா என்று புரியாமல் நீலப்புள்ளி குழம்புவதை ஓட்டுநர்கள் பலரும் அறிவார்கள். வரைபடம் உயரத்தையும் அகலத்தையும் கேட்கத் தொடங்கியிருப்பதைப் படித்தபோது எனக்கு அந்தச் சானல்கரைதான் கண்முன் வந்தது. எட்டு நகரங்களின் வரிசையில் நம் சானல்கரை எப்போது வரும் என்று காத்திருப்பதில் எனக்கு விருப்பமில்லை.

அதனால் திருமணம் முடிந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பைக்கின் கைப்பிடியில் கைபேசியைப் பொருத்திக்கொண்டு புறப்பட்டேன். 2013-இல் ஸ்வீடனின் மால்மோவில் தொடங்கி, 2020-இல் ஃபேஸ்புக்கின் கைக்குப் போன மேப்பில்லரி என்னும் தளத்தில் யார் வேண்டுமானாலும் தெருப்படங்களை ஏற்றலாம். முகங்களையும் வண்டி எண்களையும் அது தானாக மங்கலாக்கும். அந்தப் படங்களைப் பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்தம் செய்யலாம். செயலி சில மீட்டருக்கு ஒரு முறை தானே படமெடுத்துக்கொள்ளும். மரத்தடியில் ஜிபிஎஸ் புள்ளி அங்குமிங்கும் தாவும் என்பதால் ஒவ்வொரு தடத்தையும் பிறகு கையால் நகர்த்திச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

ஒரு விஷயத்தை முதல் நாளே கற்றுக்கொண்டேன். சானலில் காலை நேரத்தில் பெண்கள் குளிப்பார்கள், துணி துவைப்பார்கள். முகத்தை மங்கலாக்குவது அங்கே போதாது. அந்த இடத்தில் கேமரா இருக்கவே கூடாது. ஒவ்வொரு படித்துறைக்கும் ஐம்பது மீட்டர் முன்பே செயலியை நிறுத்தி, கைபேசியைப் பைக்குள் போட்டு, கடந்த பிறகுதான் மீண்டும் எடுப்பேன். அதனால் என் தடத்தில் இடைவெளிகள் நிறைய இருக்கின்றன. அந்த இடைவெளிகள் அப்படியே இருக்கட்டும். படித்துறை எங்கே இருக்கிறது என்ற செய்தியும் எங்கள் ஊரில் தெரிய வேண்டியவருக்கு ஏற்கெனவே தெரியும்.

பெயர்கள் இன்னொரு பெரிய வேலை. நம் மாவட்டத்தின் சிற்றூர்களில் ஏராளமானவை விளை என்று முடிபவை. பயிர் விளையும் மேட்டுநிலம் என்பது அதன் பொருள். வரைபடங்களில் பெயர் முதலில் ஆங்கில எழுத்தில் ஏறுகிறது. அங்கே லகரத்துக்கும் ளகரத்துக்கும் ஒரே எழுத்துத்தான். 2021 ஜனவரியில் கூகுள் இடப்பெயர்களைத் தமிழ் உட்பட பத்து இந்திய மொழிகளுக்குத் தானாக எழுத்துப்பெயர்க்கத் தொடங்கியது நல்ல முயற்சி. ஆனால் ஆங்கில எழுத்து வழியாகப் போய்த் திரும்பும் எந்தப் பெயரும் ஆபத்தில்தான் இருக்கிறது: விளை விலையாகலாம், பள்ளி பல்லியாகலாம். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி, எழுந்த விமர்சனங்களால் சில நாட்களில் திரும்பப் பெற்றதை நினைத்துப் பார்த்தால், ஆங்கில எழுத்தைத் திருத்துவது எவ்வளவு கடினம் என்று புரியும். தமிழ்ப் பெயரைத் தமிழிலேயே தனியாகப் பதிந்துவிடுவதே வழி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அதற்கென்று தனி இடம் இருக்கிறது. என் மாணவர்கள் இதுவரை தங்கள் வீட்டைச் சுற்றியுள்ள நூற்றுப்பத்துப் பெயர்களை, வீட்டில் பாட்டியிடமும் தாத்தாவிடமும் கேட்டு உறுதிசெய்துகொண்டு, தமிழில் சேர்த்திருக்கிறார்கள். அவற்றில் சில பெயர்களை நானே முதன்முறையாகக் கேள்விப்பட்டேன்.

2025 மே மாதத்தில் அஞ்சல்துறை டிஜிபின் என்ற முறையை வெளியிட்டது. நாடு முழுவதையும் நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து கொண்ட குறியீடு கொடுத்திருக்கிறார்கள். 1972-இல் வந்த ஆறு இலக்க அஞ்சல் எண் ஓர் அஞ்சலகம் வரை கொண்டு சேர்க்கும். இது வாசல்படி வரை கொண்டு சேர்க்கும். விளைக்குள் தனித்து நிற்கும் எங்கள் வீடுகளுக்கு இது உண்மையிலேயே பயன்படும். அடுத்த திருமணத்தின் அழைப்பிதழில் அந்தக் குறியீட்டை அச்சிடலாம் என்று அக்காளிடம் சொல்லியிருக்கிறேன். அதன் கீழே அப்பா எழுதியதுபோல நான்கு வரியில் வழியையும் எழுத வேண்டும் என்பது அக்காளின் நிபந்தனை. எனக்கும் அதில் முழுச் சம்மதம்.

வேன் நின்ற இடத்தைப் பங்குனியில் போய் அளந்தோம். அணை அடைத்துச் சானல் வற்றியிருந்ததால் பிள்ளைகள் நால்வர் உள்ளே இறங்கி நாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டார்கள். தென்னை மூட்டிலிருந்து கரையின் விளிம்பு வரை 1.6 மீட்டர். அந்த எண்ணை அன்று மாலையே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்து, அந்தத் துண்டு கார், வேன் போகும் வழியல்ல என்றும் குறித்தேன். நான் பயன்படுத்தும் செயலி சில நாட்களில் அதை ஏற்றுக்கொண்டது. வேனுக்கு வழி கேட்டால் இப்போது குருசடி பக்கமாகச் சுற்றி அனுப்புகிறது. ஆனால் எல்லாச் செயலிகளும் அந்தத் தரவைப் பயன்படுத்துவதில்லை; ஓட்டுநர் வைத்திருந்த செயலி இன்றும் பழைய கோட்டைத்தான் காட்டுகிறது. அதற்குத் திருத்தக் கோரிக்கையை இரண்டு முறை அனுப்பிவிட்டேன், மூன்றாவது முறை படத்துடன் அனுப்பப் போகிறேன். குருசடிக்கு அப்பால் கிழக்கே இன்னும் மூன்று கிலோமீட்டர் கரை பாக்கி இருக்கிறது. பேச்சிப்பாறை அணையைத் திறந்து சானலில் தண்ணீர் வருவதற்குள் அதையும் அளந்துவிட வேண்டும்.